பணக்கார ஊர்களை நான் அளந்த காலம்

அமெரிக்காவின் ஆகப் பணக்கார ஊர்கள் எவை என்று யாராவது பட்டியல் போட்டு வெளியிட்டால், நான் இன்றைக்கும் ஒரு நமட்டுச் சிரிப்போடுதான் வாசிப்பேன். அப்படியான எண்களுக்குப் பின்னால் எத்தனை பேர் தொலைபேசியைப் படாரென்று வைத்தார்கள், எத்தனை பேர் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியும். பதினைந்து வருடங்களுக்கு முன்னர், மொன்றியல் நகரின் நடுவே ஒரு பழைய தையல் ஆலையின் நாலாம் மாடியில், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்த ஊர்களின் வருமானத்தை அளந்தவர்களில் நானும் ஒருத்தி.

அந்தக் கட்டடத்தை இப்போது வீடுகளாக்கி விற்றுவிட்டார்கள். போன மாதம் ஒரு அலுவலாக அந்தப் பக்கம் போனவள் நின்று அண்ணாந்து பார்த்தேன். நாலாம் மாடிப் பல்கனியில் யாரோ ஒருவன் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் வந்தது. அவன் என்ன செய்வான் பாவம், காசு கொடுத்து வாங்கியவன். ஆனாலும் அந்த இடத்தில் முன்னர் இருந்தது எங்களுடைய ஜன்னல். அதன் கீழேதான் என் மேசை இருந்தது.

அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் நாட்டுப் பணக்காரரைப் பற்றி விசாரிக்க ஏன் எங்களிடம் வந்தன என்று கேட்பீர்கள். கனேடிய டொலர் மலிவு, எங்கள் ஆங்கிலம் அதைவிட மலிவு. ஹெயிட்டிக்காரர், லெபனான்காரர், படிப்புக்குக் காசு தேடும் கியூபெக் பிள்ளைகள், இரண்டு மூன்று தமிழர் என்று ஐம்பது பேர் வரையில் இருந்தோம். எங்கள் மேற்பார்வையாளர் ஒரு தடித்த கியூபெக் பெண்மணி. எந்நேரமும் கரட் கடித்துக்கொண்டு எங்கள் அழைப்புகளை ஒட்டுக் கேட்பது அவருடைய வேலை. “அவர்கள் சொல்வதைப் பதி. நீ நினைப்பதைப் பதியாதே” என்பதுதான் அவருடைய ஒரே வேதம்.

ஒரு அழைப்புக்குப் பன்னிரண்டு நிமிடம். முதலில் வலிக்காத கேள்விகள்: வீட்டில் எத்தனை பேர், எத்தனை கார், விடுமுறைக்கு எங்கே போவீர்கள். அவர்களும் உற்சாகமாகக் கதைப்பார்கள். நாய்க்குச் சத்திரசிகிச்சை நடந்த கதை வரைக்கும் வரும். கடைசியாகத்தான் அந்தக் கேள்வி. இந்த வீட்டில் இருக்கும் எல்லோருடைய வருமானத்தையும் சேர்த்தால், வரி கழிக்க முன்னர், ஒரு வருடத்துக்கு எவ்வளவு?

அந்த இடத்தில் மறுமுனை குளிர்ந்துவிடும். அதற்காகத்தான் படிகள் வைத்திருந்தார்கள். மொத்தம் பதினொன்று. ஒவ்வொரு படியும் இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று போகும். கடைசிப் படி ‘அதற்கு மேல்’. கீழிருந்து மேலே வாசிக்கவேண்டும். “நான் வாசித்துக்கொண்டு போவேன். உங்கள் வீட்டுக்குரிய படி வந்ததும் நிறுத்து என்று சொன்னால் போதும். தொகையை நீங்கள் வாயால் சொல்லத் தேவையில்லை.” இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று தெரியாது. நித்திரையிலும் சொல்கிறேன் என்று அப்போது ஒரே வீட்டில் இருந்த அண்ணி புறுபுறுத்தது ஞாபகம் இருக்கிறது.

பணக்காரர்கள் நிறுத்தவே மாட்டார்கள். முதலாம் படியிலிருந்து பத்தாம் படி வரைக்கும் நான் மூச்சு வாங்க வாசித்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, கடைசியில் ‘ம்’ என்று ஒரு முனகல். அந்த முனகலுக்குப் பெயர் பதினோராம் படி. அதற்குள் ஒரு பல்வைத்தியரும் இருப்பார், ஒரு கப்பல் கம்பனிச் சொந்தக்காரரும் இருப்பார். ‘அதற்கு மேல்’ என்றால் எவ்வளவு மேல் என்று எங்கள் படிவம் கேட்கவில்லை. சிலர் என் கணக்காளரைக் கேள் என்பார்கள். தனக்கு எவ்வளவு வருகிறது என்று தெரியாமல் ஒரு மனிதன் இருக்கலாம் என்பதை நான் அங்கேதான் முதன்முதலில் அறிந்தேன். முக்கால்வாசிப் பேர் சொல்லவே மாட்டார்கள். மடியில் கனம் இருக்கிறவனுக்குத்தானே வழியில் பயம்.

ஆனால் எனக்கு அந்த வேலை நன்றாக ஓடியது. மறுத்தவர்களின் எண்ணிக்கை என் பட்டியலில்தான் ஆகக் குறைவு. மேற்பார்வையாளர் கரட்டை நிறுத்திவிட்டுக் காரணம் கேட்டார். எங்கள் ஊர்க் கலியாணப் பேச்சைப் பற்றி அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? மாப்பிள்ளை வீட்டார் வந்து இருப்பார்கள். பொடியனுக்கு என்ன சம்பளம் என்று பெண்வீட்டார் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். தேத்தண்ணி ஆறும். யார் முதலில் வாயைத் திறக்கிறார்களோ அவர்களுக்குத் தோல்வி. நான் அதே வித்தையைத்தான் செய்தேன். கேட்டுவிட்டு மூச்சுக் காட்டாமல் இருப்பேன். அமெரிக்கர்களுக்கு மௌனம் ஆகாது. அதை நிரப்புவதற்காகவே உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

இரண்டு அழைப்புகளை மறக்கமுடியவில்லை. ஒன்று, கடலோரச் சிற்றூர் ஒன்றில் பதினான்கு அறை வீட்டில் தனியே இருந்த ஒரு விதவை. மூன்றாம் படியிலேயே நிறுத்து என்றுவிட்டார். பொய் சொல்கிறார் என்று நான் கொதித்துப்போய் மேற்பார்வையாளரிடம் முறையிட்டேன். வீடு இருப்பது வேறு, வருமானம் வருவது வேறு, சுவருக்குப் பூச்சுப் பூசக் காசில்லாத பெரிய வீடுகள் அங்கே நிறைய என்றார் அவர். மற்றது, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டபோது மூன்று என்று சொன்ன ஒரு பெண் குரல். பிள்ளை பராமரிக்க அங்கேயே தங்கியிருப்பவள். கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, “என்னையும் சேர்த்தால் நாலு” என்றாள். எங்கள் விதிப்படி அவளையும் சேர்க்கவேண்டும். அவளுடைய சம்பளத்தையும் அந்த வீட்டு வருமானத்தோடு கூட்டவேண்டும். கூட்டினேன். படி மாறவில்லை.

வேலை முடிந்து மெட்ரோ எடுத்து வில்லரேப் பகுதியில் இறங்கினால் வீடு. அது ஒரு நாலரை வீடு. இந்த ஊரில் குளியலறையை அரை என்று கணக்குப் பண்ணித்தான் வீட்டுக்குப் பெயர் சொல்வார்கள். ஒரு அறையில் அண்ணையும் அண்ணியும், மற்றதில் நானும் அவர்களுடைய ஐந்து வயது மகளும். வெளியே வளைந்து இறங்கும் இரும்புப் படிக்கட்டு, கீழே ஒரு போர்த்துக்கேயரின் டெப்பனர், பாலும் பாணும் விற்கிற மூலைக் கடை. மாசி மாதத்தில் அந்தப் படிக்கட்டில் உப்புப் போடுவது யார் என்று ஒவ்வொரு காலையும் எங்களுக்குள் சண்டை வரும். அண்ணி கறுவாப்பட்டை போட்டுத் தேத்தண்ணி ஊற்றுவார். நாங்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் சாப்பாட்டு மேசையில் இருந்தால் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறக்கமுடியாது. இன்றைக்கு எனக்கென்று தனி வீடு இருக்கிறது, மூன்று பேர் ஒன்றாக நின்று சமைக்கக்கூடிய குசினி இருக்கிறது. ஆனால் சந்தோசமாக இருந்தது எங்கே என்று கேட்டால், அந்தக் கதவு திறக்காத வீட்டைத்தான் சொல்வேன்.

அந்த வீட்டில் ஒரே ஒரு குறை. அம்மா இல்லை.

அம்மா யாழ்ப்பாணத்தில் சின்னம்மா வீட்டில் இருந்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி. அது கண்ணைத் தின்னத் தொடங்கியிருந்தது. கண் தெரியும்போதே பேத்தியை ஒருக்கால் பார்த்துவிடவேண்டும் என்பதைத் தவிர அவர் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணை பொறுப்பெடுத்து அவரைக் கனடாவுக்குக் கூப்பிடுவதாக இருந்தது. அவர் மூத்தவர், துறைமுகத்தில் சுப்பவைசர், தினமும் இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிய சேட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர். விண்ணப்பப் படிவம் மேசை லாச்சிக்குள் இருந்தது. நான் கேட்கும்போதெல்லாம் “பேந்து பாப்பம்” என்பார். இப்படியே மூன்று வருடம்.

ஒரு சனிக்கிழமை காலை அம்மாவோடு கொம்பியூட்டரில் கதைத்தோம். பேத்தி தான் கீறிய படத்தைக் கமராவுக்கு நேரே பிடித்தாள்.

“வடிவான பூ, குஞ்சு. நீயோ கீறினது?” என்றார் அம்மா.

அது பூனை. பூனை என்று அவள் பிரெஞ்சில் கத்தினாள். பென்னாம் பெரிய மீசையும் வாலும் வைத்த மஞ்சள் பூனை. அங்கே சின்னம்மா அம்மாவின் காதில் என்னவோ சொல்ல, அம்மா அவசரமாக, “ஓம் ஓம், பூனைதான், வெளிச்சம் அடிக்குது” என்றார். அந்த அறையில் வெளிச்சமே இருக்கவில்லை.

திரை அணைந்ததும் நான் அண்ணையின் மேல் பாய்ந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதைச் சொல்ல வெட்கமில்லை.

“மூண்டு வருசமா பேந்து, பேந்து. உங்களுக்கு அம்மா வாறது விருப்பமில்லையெண்டா அதை வாயைத் திறந்து சொல்லுங்கோ.”

அண்ணை எழும்பினார். ஜக்கெட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். இரும்புப் படிக்கட்டில் அவருடைய சப்பாத்துச் சத்தம் கடைசிவரை கேட்டது. அண்ணி கழுவின கோப்பைகளையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தார்.

“வேற நாட்டுச் சனத்திட்ட எவ்வளவு பக்குவமாக் கேக்கிறாய்,” என்றார் என்னைப் பாராமலே. “உன்ர அண்ணையிட்ட எண்டைக்காவது அப்பிடிக் கேட்டனியே?”

எனக்குச் சுருக்கென்றது. உண்மையில் அண்ணையின் சம்பளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. நான் என் பங்குக்குச் சாப்பாட்டுக் காசை அண்ணியின் கையில் கொடுப்பேன், வாடகை அண்ணை கட்டுவார், அவ்வளவுதான். அடுத்த வீட்டுப் பொடியன் என்ன எடுக்கிறான் என்று கோயில் வாசலில் நின்று கூசாமல் விசாரிக்கிற சனம் நாங்கள். ஆனால் சொந்த அண்ணையிடம் அதைக் கேட்கிற தங்கச்சியை நான் கண்டதில்லை. கேட்டால் சாப்பாட்டுக்குக் கணக்குப் பார்க்கிறாள் என்றாகிவிடும். அல்லது அவரை நம்பவில்லை என்றாகிவிடும்.

அடுத்த நாள் ஞாயிறு. பின்னேரம் அண்ணி மகளைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனார். வேண்டுமென்றேதான் போனார். அண்ணை மேசையில் இருந்தார். நான் லாச்சியிலிருந்து படிவத்தை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தேன். பெயர், பிறந்த திகதி, விலாசம் எல்லாம் அவருடைய அழகான கையெழுத்தில் எப்போதோ நிரப்பியிருந்தது. வருமானம் என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. அப்போதும்கூட எனக்கு மண்டையில் உறைக்கவில்லை. மறந்துபோனார் என்றுதான் நினைத்தேன்.

“அண்ணை, நான் வேலையில கேக்கிற மாதிரி ஒண்டு கேக்கப்போறன். தொகை சொல்லவேண்டாம். நான் வாசிச்சுக்கொண்டு போறன். வாற இடத்தில நிப்பாட்டு எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

அவர் என்னைப் பார்த்தார். சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். “சரி, வாசி” என்றார்.

தமிழில் எனக்கு வாய் வரவில்லை. ஆங்கிலத்தில், அந்த நாலாம் மாடிக் குரலில், முதலாம் படியை வாசித்தேன். வழக்கமாக அதை வேகமாகத் தாண்டிவிடுவேன். எங்கள் பட்டியலில் இருந்த ஊர்களில் அந்தப் படியில் எவரும் நிறுத்தியதில்லை. சுப்பவைசர் என்றால் ஐந்து, ஆறு என்று என் மனது முன்னாலேயே போய் நின்றது. இரண்டாம் படியைத் தொடங்கினேன்.

“நிப்பாட்டு.”

நான் வாசித்துக்கூட முடிக்கவில்லை. விடை எதுவானாலும் குரலில் ஆச்சரியம் காட்டக்கூடாது, ஓ என்று சொல்லக்கூடாது, மூச்சை இழுக்கக்கூடாது என்பது எங்களுக்குத் தந்த பயிற்சி. அன்றைக்கு அந்தப் பயிற்சிக்கு ஆயிரம் கும்பிடு போடலாம் போல இருந்தது. “தாங்க் யூ” என்றேன். அமெரிக்கர்களுக்குச் சொல்கிற அதே ராகத்தில் வந்தது.

அதன் பிறகு அண்ணை தானாகவே சொன்னார். சுப்பவைசர் வேலை பொய்யில்லை. ஒரு குளிர்காலம், நாலு மாதம், உண்மையாகவே பார்த்தார். பிறகு அவர் வேலை பார்த்த துறைமுகக் களஞ்சியம் கைமாறியது. புதியவர்கள் ஏஜென்சி மூலம் ஆள் எடுத்தார்கள். அன்றிலிருந்து கொள்கலன்களில் வரும் சாமான்களை வெறுங்கையால் இறக்குகிற வேலை. கூப்பிட்டால் போகவேண்டும், கூப்பிடாத நாளுக்குச் சம்பளமில்லை. அந்த நாட்களில் சேட்டைப் போட்டுக்கொண்டு நூலகத்தில் போய் இருப்பாராம்.

“அம்மாட்ட சுப்பவைசர் எண்டு சொல்லிப்போட்டன். சனமெல்லாம் கேட்டு வைச்சிருக்கு. பேந்து எப்பிடி மாத்திறது?” என்றார். அவ்வளவு பெரிய மனிதன் மேசையில் இருந்த ஒரு பாண் துகளை விரலால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார்.

வெளிநாட்டிலிருந்து ஒருவரைக் கூப்பிடுகிறவர் தன் வீட்டாருக்கும் வருகிறவருக்கும் போதிய வருமானம் காட்டவேண்டும் என்பது சட்டம். கணவன், மனைவி, பிள்ளை, அதற்கு மேல் அம்மா. அத்தனை பேருக்கும் காணும் வருமானம் அவருடைய படியில் இல்லை. அண்ணி அப்போது வேலைக்குப் போகவில்லை. சகோதரியின் சம்பளத்தைச் சேர்த்துக் காட்டவும் வழியில்லை. ஒரே மேசையில் சாப்பிட்டாலும் படிவத்தின் கணக்கில் நான் அந்த வீட்டு ஆள் இல்லை. ஆனால் நான் தனி ஆள். எனக்கும் அம்மாவுக்கும் என்று பார்த்தால் என் சம்பளம் காணும். இதை மூன்று வருடத்துக்கு முன்னர் ஒரு நாள் இருந்து கதைத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

“நீ எத்தினையாவது படி?” என்று அண்ணை கேட்டார்.

“நாலு.”

“அப்ப நீ கையெழுத்து வை.” பேனையை என் பக்கம் தள்ளினார். பிறகு, “அம்மாட்ட மட்டும் சொல்லாத” என்றார். நான் தலையாட்டினேன்.

பிழை என்னுடையது. எவனோ முகம் தெரியாத ஒரு பணக்காரனிடம் பன்னிரண்டு நிமிடத்தில் கறந்துவிடுகிற உண்மையை, பக்கத்து அறையில் படுக்கிற மனிதனிடம் கேட்க எனக்கு மூன்று வருடம் எடுத்தது. கேட்காதது மட்டுமில்லை, அவர் நெஞ்சில் ஈரமில்லாதவர் என்று தீர்ப்பும் எழுதி வைத்திருந்தேன்.

புதிய படிவம் என் பெயரில் போனது. அது போய், அங்கே கிடந்து, இங்கே கிடந்து, அம்மா வருவதற்கு இன்னும் இரண்டரை வருடம் எடுத்தது. அதற்குள் ஒரு கண் முழுதாக அணைந்துவிட்டது. மற்றதில் நிழல் மட்டும் ஆடியது. விமானச் சீட்டுக் காசு தன்னுடையதாகத்தான் இருக்கவேண்டும் என்று அண்ணை ஒற்றைக் காலில் நின்றார். அண்ணியும் நானும் விட்டுக்கொடுத்தோம்.

விமான நிலையத்தில் அம்மாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து விட்டார்கள். நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன உருவமாக இருந்தார். பேத்தி போய் முன்னால் நின்றாள். அம்மா அவளுடைய முகத்தைக் கைகளால் தடவி, மூக்கைத் தடவி, பின்னலின் நீளம் பார்த்தார். “வளந்திட்டாய்” என்றார். பார்த்துச் சொல்லியிருக்கவேண்டிய சொல்.

பிறகு அண்ணை குனிந்தார். நன்றாக மினுக்கிய வெள்ளைச் சேட்டு. அம்மாவின் விரல்கள் அந்தக் கழுத்துப்பட்டியைத் தொட்டுத் திருப்திப்பட்டன. தோள், முழங்கை என்று இறங்கி அவருடைய கைக்கு வந்தன. உள்ளங்கையை விரித்து, பெருவிரலால் மெல்ல ஒரு தரம் உரசினார். இன்னொரு தரம் உரசினார். தோல் தடித்து, வெடித்து, காய்ப்புக் காய்ப்பாக இருந்த கை. நான் தினமும் பார்த்த கைதான்.

“என்ன தம்பி, கை இப்பிடிக் கிடக்கு?”

“குளிர் அம்மா. இந்த ஊரில எல்லாருக்கும் இப்பிடித்தான்.”

அம்மா தலையாட்டினார். அண்ணையின் கையை விடாமலே மற்றக் கையை நீட்டி, “பிள்ளை எங்க?” என்றார். நான் என் கையைக் கொடுத்தேன். கொம்பியூட்டர் தட்டுவதைத் தவிர வேறு வேலை அறியாத கை. அதையும் பெருவிரலால் உரசிப் பார்த்தார்.

“உனக்குக் குளிரேல்லையோ?” என்றார்.

அம்மா விடைக்குக் காத்திருக்கவில்லை. என் கையை விட்டுவிட்டு, அண்ணையின் கையைத் தன் மடிக்கு இழுத்து, இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். கார் நிறுத்துமிடம் வரைக்கும் சக்கர நாற்காலியை நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். அண்ணை கையை எடுக்காமல், பக்கத்தில் குனிந்தபடியே நடந்து வந்தார்.